கருப்பொருள் நீங்கிய மலை: லாரன் ஹாரிஸின் ‘லெஃப்ராய் மலை’ ஓவியம் பற்றிய ஒரு வாசிப்பு

முன்னுரை

பனிமலை ஓவியம் ஒன்றினை நம் மாணவர் முன் வைத்து அதன் பொருளைக் கேட்டால், பெரும்பாலும் இரண்டு விடைகளுள் ஒன்று வரும். கயிலையை நினைந்து, ‘இஃது ஆன்மிகத்தின் குறியீடு’ என்பது ஒரு விடை. மலை இருப்பதனால் ‘இது குறிஞ்சி’ என்பது மற்றொன்று. இரண்டு விடைகளுமே ஓவியத்தைக் கண்ணால் காண்பதற்கு முன்பே அமைந்துவிட்டவை. முன்னையது நம் சமயப் பயிற்சியிலிருந்தும் பின்னையது நம் இலக்கணப் பயிற்சியிலிருந்தும் எழுகின்றது. பாதி அருவமாக, அதாவது இயற்கைப் பொருளை அடையாளம் காணும் அளவிற்கு வைத்துக்கொண்டு ஏனையவற்றை வடிவக் கூறுகளாகச் சுருக்கி வரையப்பட்ட ஓவியங்களில் இவ்விடைகள் மேலும் எளிதாகப் பொருந்திவிடுகின்றன. விவரங்கள் குறைவாக இருப்பதால் மறுப்பதற்கு அங்கே எதுவும் இருப்பதில்லை.

இக்கட்டுரை கனடா நாட்டு ஓவியர் லாரன் ஹாரிஸ் (1885–1970) 1930இல் வரைந்த ‘லெஃப்ராய் மலை’ எனும் எண்ணெய் வண்ண ஓவியத்தை எடுத்துக்கொண்டு, அதன் வெறுமை எவ்வாறு பொருள் தருகிறது என்பதை ஆராய முற்படுகிறது. திணைக் கோட்பாட்டை இங்கு நாம் பயன்படுத்துகிறோம். ஆயினும் அதனைப் பெயர்ப் பலகையாக ஓவியத்தின்மேல் மாட்டுவது நம் நோக்கமன்று. ஓவியத்தில் இல்லாதவற்றைக் கணக்கெடுக்கும் கருவியாக அதனைக் கொள்வதே நோக்கம்.

மலையும் ஓவியமும்

லெஃப்ராய் கற்பனை மலையன்று. கனடாவின் ராக்கி மலைத்தொடரில், ஆல்பர்ட்டா, பிரிட்டிஷ் கொலம்பியா ஆகிய இரு மாநிலங்களின் எல்லையில், லூயிஸ் ஏரிக்கு அண்மையில் நிற்பது. உயரம் 3,400 மீட்டருக்குச் சற்று மேல். 1840களில் வட கனடாவில் புவிக் காந்தத்தை அளந்து திரிந்த ஜான் ஹென்றி லெஃப்ராய் எனும் பிரிட்டிஷ் அதிகாரியின் பெயர் இதற்கு இடப்பட்டது. 1896இல் பிலிப் ஸ்டான்லி அபட் எனும் அமெரிக்கர் இதன் உச்சியை எட்ட முயன்று விழுந்து இறந்தார். ராக்கி மலைகளில் மலையேறுவோர் அடைந்த முதல் உயிரிழப்பாக இது பதிவாகியுள்ளது. மறு ஆண்டே வேறொரு குழுவினர் உச்சியை அடைந்தனர். இச்செய்திகளை நாம் இங்குத் தருவதற்குக் காரணம் உண்டு. ஓவியத்தில் காணும் மலைக்குப் பெயரும் எல்லையும் இறந்தவர் கதையும் உண்டு. ஓவியத்தின் உள்ளே இவற்றுள் எதுவும் இல்லை.

ஒன்டாரியோ மாநிலத்தின் கிளைன்பர்க் நகரிலுள்ள மெக்மைக்கல் கலைக்கூடத்தில் இவ்வோவியம் வைக்கப்பட்டுள்ளது. ஏறத்தாழ 133 செ.மீ. உயரமும் 153 செ.மீ. அகலமும் உடைய பெரிய திரை. நடுவே ஒற்றைச் சிகரம். பனியின் வெண்மையும் பாறையின் கருமையும் மாறி மாறி அடுக்குகளாக மேலேறுகின்றன. அடுக்குப்பாறை ராக்கி மலைகளின் உண்மையான இயல்பே; ஹாரிஸ் அதனை ஒழுங்குபடுத்தியுள்ளார். இயற்கையில் உடைந்தும் சிதறியும் கிடக்கும் அடுக்குகள் இங்கே சீரான பட்டைகளாக, கண்ணை உச்சிக்கு ஏற்றிச் செல்லும் படிகளாக மாறுகின்றன. உச்சியில் பனி உருண்டு திரண்டு முடிகிறது. அதன் பின்னே முகில்கள் வளைந்த பட்டைகளாக உச்சியைச் சூழ்கின்றன. வளைவுகளின் நடுவில் வானம் திறந்து ஒளி தெரிகிறது.

இதில் நாம் முதலில் கவனிக்க வேண்டியது தூரிகைத் தடம் ஏறத்தாழ மறைந்துபோனமை. வண்ணம் வழவழப்பாகப் பூசப்பட்டுள்ளது. ஒளிக்கும் நிழலுக்கும் இடையே மங்கல் குறைவு. விளிம்பு கத்தியால் அறுத்தது போல் நிற்கிறது. பனி என்றால் மென்மை எனக் கருதும் நமக்கு இது வியப்பளிக்கும். ஹாரிஸின் பனி குளிர்ந்த உலோகத் தகட்டின் தன்மையுடையது. முகிலும் அவ்வாறே. காற்றில் கலைந்துவிடும் முகிலாக அது தோன்றவில்லை. கடைந்தெடுத்த பொருளாகத் தோன்றுகிறது. மலையின் கூர்ங்கோணமும் முகிலின் வளைவும் ஆகிய இவ்விரு வடிவங்களின் எதிர்நிலையே ஓவியத்தின் இயக்கம். கோணம் ஏறுகிறது, வளைவு சூழ்கிறது, இரண்டும் சந்திக்கும் இடம் உச்சி. நிறத்தை நீக்கிவிட்டு இவ்வோவியத்தைக் கரிக்கோலால் வரைந்தாலும் இவ்வியக்கம் எஞ்சும் என்பது எம் கருத்து.

ஹாரிஸ் மலைகளுக்கு நேரில் சென்று வரைந்தவர். 1924 முதல் 1920களின் கோடைகளில் ராக்கி மலைகளுக்குச் சென்று, ஏறத்தாழ 30 செ.மீ. உயரமும் 38 செ.மீ. அகலமும் கொண்ட சிறு பலகைகளில் களத்திலேயே வண்ணம் தீட்டினார். பின்னர் டொராண்டோவில் இருந்த தம் பணிக்கூடத்தில் அவற்றைப் பெரிய திரைகளாக வளர்த்தார். பலகையிலிருந்து திரைக்குச் செல்லுந்தோறும் விவரம் குறைவதும் சிகரம் மேலும் ஓங்குவதும் அவருடைய வழக்கம். ஆகவே இவருடைய பாதி அருவம் பார்வையிலேயே பிறந்ததன்று. நீக்கி நீக்கிப் பெற்றது. இதனை நினைவில் இருத்துவது பின்னர் வரும் வாதத்திற்கு இன்றியமையாதது.

நிற அட்டவணையின் குறை

ஹாரிஸின் ஓவியங்களைப் பற்றி எழுதியோரில் பலர் அவருடைய பிரம்மஞான ஈடுபாட்டைத் திறவுகோலாகக் கொள்வர். அதற்குச் சான்று வலுவானதே. 1920களின் முற்பகுதியில் அவர் டொராண்டோ பிரம்மஞான சபையில் சேர்ந்தார். அச்சபையினரின் இதழில் 1926இல் கனடியக் கலை குறித்துக் கட்டுரை எழுதினார். 1985இல் டென்னிஸ் ரீட் டொராண்டோவில் அமைத்த, ஹாரிஸின் பிற்காலப் படைப்புகளின் கண்காட்சிக்கு ‘ஆத்மா புத்தி மனஸ்’ எனும் வடசொற்களே தலைப்பாயின. இந்திய ஆய்வியல் துறையினராகிய நமக்கு இங்கோர் உறவு தென்படுகிறது. 1875இல் நியூயார்க்கில் தோன்றிய அச்சபை 1882இல் தன் தலைமையிடத்தைச் சென்னை அடையாற்றிற்கு மாற்றிக்கொண்டது. இவ்வோவியம் வரையப்பட்ட ஆண்டில் அங்குத் தலைவராக இருந்தவர் அன்னி பெசன்ட். அடையாற்றின் கரையில் வளர்ந்த கருத்துலகம் ஒன்று ராக்கி மலையின் பனியில் வடிவம் பெற்றது என எழுதிவிடலாம். எழுதினால் கவர்ச்சியாகவும் இருக்கும்.

ஆயினும் அவ்வளவு விரைவு தகாது. பெசன்டும் லெட்பீட்டரும் இணைந்து எழுதிய ‘எண்ண வடிவங்கள்’ எனும் நூலில் நிறங்களுக்குப் பொருள் கூறும் அட்டவணை ஒன்று உண்டு. நீலம் சமய உணர்வு, மஞ்சள் அறிவு என்றவாறு அது செல்லும். இவ்வட்டவணையைக் கையில் வைத்துக்கொண்டு, நீல நிழலைப் பக்தி என்றும், முக்கோணத்தை ஆத்மா, புத்தி, மனஸ் ஆகிய மேல் மூன்று என்றும் பெயர்த்துவிடுவது சிலருடைய முறை. இதில் இரண்டு இடர்கள் உள்ளன. கனடியப் பிரம்மஞானிகளை வழிநடத்திய ஆல்பர்ட் ஸ்மித் முதலானோர் பிளாவட்ஸ்கியின் மூல நூல்களையே போற்றியவர்கள். பெசன்ட், லெட்பீட்டர் ஆகியோரின் பிற்காலப் போதனைகளை ஐயத்துடன் நோக்கியவர்கள். எனவே அடையாற்று அட்டவணை டொராண்டோவிற்கு அப்படியே பொருந்தும் எனக் கொள்வதற்கில்லை. அதைவிடப் பெரிய இடர் முறை சார்ந்தது. நிழலில் உள்ள பனி உண்மையிலேயே நீலமாகத்தான் தெரியும். பனியை நேரில் கண்ட எவரும் அறிந்தது இது. அந்நீலத்தைப் பக்தி எனப் பெயர்த்தால், ஹாரிஸின் கண் செய்த வேலையை நாம் இழந்துவிடுகிறோம். அட்டவணை ஓவியரின் கொள்கையை விளக்கலாம். ஒரே கொள்கையை உடைய நூறு ஓவியருள் இவர் ஓவியம் மட்டும் நம்மை நிறுத்துவது ஏன் என்பதை அது விளக்காது.

குறிஞ்சியா, பாலையா?

‘பனி’ என்னும் சொல்லிலிருந்து தொடங்குவோம். தமிழில் பனி என்பது துளி, குளிர், மூடுபனி, உறைபனி ஆகிய அனைத்தையும் குறிக்கும் ஒரே சொல். மலைநாட்டிலும் சிங்கப்பூரிலும் வாழும் நமக்கோ அது பெரும்பாலும் நூலில் கற்ற சொல். இலக்கண நூலார் பனியை எங்கே வைத்தனர் என்பது கருதத்தக்கது. முன்பனி, பின்பனி என அது பெரும்பொழுதுகளுள் இடம்பெறுகிறது. குறிஞ்சிக்குக் கூதிரும் முன்பனியும், பாலைக்கு வேனிலோடு பின்பனியும் உரியவை. அதாவது பனி நமக்குக் காலம். வரும், போகும். இமயத்தின் நிலையான பனியைச் சங்கப் புலவர் அறிந்திருந்தனர். ஆனால் அங்கு இமயம் ஆட்சியின் எல்லையாகவும் புகழின் அளவுகோலாகவுமே பெரிதும் பேசப்படுகிறது. இமயவரம்பன் எனும் சேர வேந்தனின் பெயரே இதற்குச் சான்று.

ஹாரிஸின் ஓவியத்தில் பனி காலமன்று, நிலம். கோடையில் சென்று அவர் கண்ட பனி அது என்பதை மறத்தலாகாது. கோடையிலும் நீங்காத பனி பருவங்களை ஒழித்துவிடுகிறது. சிறுபொழுதும் அவ்வாறே. ஒளி இருக்கிறது, ஆனால் அது காலை ஒளியா மாலை ஒளியா எனக் கூற இயலாது. கதிரவன் ஒரு பக்கம் நின்று வீசும் ஒளியாகவும் அது நடந்துகொள்ளவில்லை. உச்சிக்குப் பின்னிருந்து, மலைக்கெனவே ஏற்பட்டது போல் பரவுகிறது. நிலமும் பொழுதும் சேர்ந்ததே முதற்பொருள் என்றால், இங்கே முதற்பொருளின் ஒரு பாதி மற்றொரு பாதியை விழுங்கியுள்ளது.

கருப்பொருளோ அறவே இல்லை. மரம், விலங்கு, பறவை, மக்கள், தொழில், உணவு, பறை எனத் தேடினால் ஒன்றும் அகப்படாது. இந்நிலையில் இதனைக் குறிஞ்சி என்பதற்கு மலை எனும் ஒரே சான்றுதான் எஞ்சும். குறிஞ்சிப் பாடல் ஒன்றிலிருந்து தினையையும் கிளியையும் அருவியையும் வேங்கையையும் நீக்கிவிட்டால் அங்கே மலை நிற்கலாம், குறிஞ்சி நில்லாது.

அப்படியாயின் பாலையா? இக்கேள்வி முன்னையதினும் வலிமையுடையது. முல்லையும் குறிஞ்சியும் தம் இயல்பு திரிந்த நிலையே பாலை என இளங்கோவடிகள் காட்டுகிறார். தன் இயல்பை இழந்த மலை பாலை என்றால், எல்லாவற்றையும் இழந்த இம்மலை பாலையின் முழு வடிவம் ஆகாதா? ஆகாது என்பதே நம் விடை. பாலைப் பாடல்களை மீண்டும் புரட்டிப் பார்த்தால் அவை எத்துணை நெரிசலானவை என்பது புலப்படும். கள்ளி, ஓமை, யா மரம். பருந்து, செந்நாய், நீர் தேடி அலையும் யானை. எயினர், வழிப்பறி செய்வோர், உயிர் நீத்தோர்க்கு எழுப்பிய நடுகல். பாலை வறண்டதே ஒழிய வெறுமையானதன்று. அங்கு வாடும் உயிர் இருப்பதனால்தான் பிரிவு எனும் உரிப்பொருள் அந்நிலத்தில் பற்றிக்கொள்கிறது. ஹாரிஸின் மலையில் வாடுவதற்குக்கூட ஓர் உயிர் இல்லை.

முதல், கரு, உரி என்னும் மூன்றும் ஒன்றினும் ஒன்று சிறந்தது என்பது தொல்காப்பியர் கருத்து. முதலும் கருவும் இன்றி உரிப்பொருள் ஒன்றே வரும் பாடல்களையும் உரையாசிரியர் ஏற்றுக்கொண்டனர். நம்முன் உள்ளதோ அதன் மறுதலை: முதற்பொருள் மட்டும், அதுவும் பாதி. இதற்கு உரிப்பொருள் உண்டா? உண்டு என்றே கருதுகிறோம். அது மலைக்குப் பின்னே ஒளிந்திருக்கும் தத்துவத்தில் இல்லை. கருப்பொருளை நீக்கிய செயலிலேயே இருக்கிறது. எதையும் சாராமல், எவரோடும் பகிராமல் ஒன்றன்முன் நிற்றல் என அதனைச் சொல்லலாம். புணர்தல் முதலிய ஐந்தனுள் எதனோடும் அது சேராது. ஐந்தனுக்கும் இருவர் வேண்டும். இவ்வோவியம் ஒருவரையே வேண்டுகிறது. திணைக் கோட்பாட்டை ஏ.கே. இராமானுஜன் 1967இல் தம் மொழிபெயர்ப்பு நூலின் வழியாக உலகிற்கு அறிமுகப்படுத்திய பின்னர், எந்த நாட்டு நிலக்காட்சிக்கும் அதனைப் பொருத்திப் பார்க்கும் ஆர்வம் நம்மிடையே மிகுந்துள்ளது. பொருந்தாத இடத்தில் அக்கோட்பாடு கற்பிப்பது மிகுதி என்பது நம் துணிபு.

வெறுமை எவ்வாறு உருவாயிற்று

இனி, நீக்கப்பட்டவை யாவை என்பதைக் காணவேண்டும். ஓவியர் எளிய வடிவத்தை விரும்பி நீக்கினார் என்று சொல்லி நிறுத்திக்கொள்வதற்கில்லை. லெஃப்ராய் மலைக்கும் விக்டோரியா மலைக்கும் இடைப்பட்ட கணவாயில், மலையேறுவோர் தங்குவதற்காக 1922இல் கல் வீடு ஒன்று கட்டப்பட்டது. கட்டியவர்கள் கனடியன் பசிபிக் இரயில் நிறுவனத்தில் பணிபுரிந்த சுவிட்சர்லாந்து நாட்டு வழிகாட்டிகள். அபட்டின் பெயரே அக்கணவாய்க்கும் வீட்டிற்கும் சூட்டப்பட்டது. அடிவாரத்தில் லூயிஸ் ஏரிக்கரையில் அதே நிறுவனத்தின் பெரிய விடுதி. ஹாரிஸ் சென்ற காலத்தில் இம்மலைப்பகுதி சுற்றுலாப் பயணியரின் நடமாட்டம் மிகுந்த இடம். இரயில் நிறுவனத்தின் விளம்பரங்கள் ஏற்கெனவே இச்சிகரங்களை உலகெங்கும் கொண்டு சென்றிருந்தன.

இவற்றை நீக்கியது ஒருவகை. மற்றொரு நீக்கம் ஹாரிஸ் பிறந்த காலத்திலேயே தொடங்கியது. இம்மலையின் ஆல்பர்ட்டாப் பக்கம் பன்ஃப் தேசியப் பூங்காவிற்குள் அடங்கும். அப்பூங்காவின் தொடக்கம் 1885. ஸ்டோனி நகோடா எனும் பழங்குடியினர் தலைமுறை தலைமுறையாக வேட்டையாடித் திரிந்த மலைகள் இவை. 1877இல் அவர்கள் பிரிட்டிஷ் அரசுடன் உடன்படிக்கை செய்துகொண்டனர். பூங்கா உருவானபின் அதன் எல்லைக்குள் வேட்டை தடுக்கப்பட்டது. வாழ்ந்த நிலத்திலிருந்து அவர்கள் படிப்படியாக விலக்கப்பட்டனர். அதே வேளையில் 1890களிலிருந்து ஆண்டுதோறும் கோடையில் சில நாள்கள் மட்டும், பயணியர் கண்டு களிக்க, மரபுடையில் ஆடவும் குதிரைப் பந்தயம் விடவும் பன்ஃப் நகருக்கு அழைக்கப்பட்டனர். நம் இலக்கணச் சொற்களில் கூறினால், ஒரு நிலத்தின் மக்களும் வேட்டையும் உணவும் பறையும் சட்டத்தால் நீக்கப்பட்டு, பின் காட்சிப் பொருளாகத் திரும்ப அழைக்கப்பட்டன. ஹாரிஸ் கண்ட வெறுமை இயற்கை தந்தது மட்டுமன்று.

ஓவியர்மீது இப்பழியைச் சுமத்தலாமா எனும் வினா எழும். உயர்ந்த பனிச்சிகரத்தின்மேல் எவரும் வாழ்ந்ததில்லை. ஸ்டோனி மக்களும் அங்குக் குடியிருக்கவில்லை. இம்மறுப்பு நேரியதே. ஆயினும், எதனை வரைவது, எங்கு நிறுத்துவது என்பது தேர்வு. அத்தேர்வை ஹாரிஸ் அறிந்தே செய்தார் என்பதற்கு வேறொரு சான்று உண்டு. பிரிட்டிஷ் கொலம்பியாவைச் சேர்ந்த ஓவியர் எமிலி கார், மேற்குக் கரைப் பழங்குடியினரின் குலக்குறித் தூண்களையும் ஊர்களையும் நெடுங்காலம் வரைந்தவர். 1927இல் டொராண்டோவில் ஹாரிஸின் ஓவியங்களைக் கண்டு நெகிழ்ந்து அவருடைய நண்பரானார். அவருக்கு ஹாரிஸ் கூறிய அறிவுரை, தூண்களைச் சிறிது காலம் விட்டுவிட்டு, அவை தரும் ஆற்றலுக்கு நிகரானதை நிலத்திலேயே தேடுக என்பது. அவ்வறிவுரையால் கார் பெற்ற பயன் பெரிது. அவருடைய காட்டு ஓவியங்கள் அதன் விளைவே. எனினும் திணை பயின்ற நம் செவியில் அது எவ்வாறு விழுகிறது? கருப்பொருளை விடுத்து முதற்பொருளுக்குச் செல்க என்றே விழுகிறது.

இந்நீக்கம் எதற்குப் பயன்பட்டது என்பதை அவருடைய 1926ஆம் ஆண்டுக் கட்டுரை உணர்த்துகிறது. கனடியர் பெரும் வடதிசையின் விளிம்பில் வாழ்பவர். அதன் வெண்மையும் தனிமையும் அவர்களைத் தூய்மைப்படுத்தும். அதிலிருந்தே ஒரு புதிய இனத்தின் கலை பிறக்கும் என்பது அங்கு அவர் வளர்க்கும் கருத்து. 1920இல் அவரும் நண்பர்களும் தோற்றுவித்த ‘எழுவர் குழு’வின் தேசிய வேட்கை இங்கே பிரம்மஞானத்தோடு கைகோக்கிறது. சங்கப் பாடலை வாசிக்கும்போது நாம் தவறாது கேட்கும் கேள்வி கூற்று பற்றியது: யார், யாரிடம், எங்கிருந்து சொல்கிறார்? அதனை இவ்வோவியத்திடமும் கேட்கலாம். காண்பவர் நிற்பதற்கென முன்தளத்தில் ஒரு பாதையோ பாறைமேடோ தரப்படவில்லை. எவரும் நில்லாத இடத்திலிருந்து வரும் குரல் எல்லார்க்கும் உரிய குரல்போல் ஒலிக்கிறது. அது டொராண்டோவின் கலைக்கூடத்தில், புதியதொரு நாட்டைத் தமதெனக் கருதத் தொடங்கிய மக்களை நோக்கிய கூற்று. ‘இந்நிலம் இன்னும் எவருடையதும் அன்று’ என்பதும் அதனுள் அடங்கும்.

இந்தியக் கலை பயில்வோர்க்கு நிக்கொலாய் ரோரிக் இங்கு நினைவிற்கு வருவார். 1928 முதல் 1947இல் மறையும்வரை குலு பள்ளத்தாக்கின் நக்கரில் வாழ்ந்து இமயத்தை வரைந்த அவரும் பிரம்மஞானச் சார்புடையவரே. எனினும் அவருடைய பனிமலைகளின் அடியில் அடிக்கடி ஒரு துறவியோ குதிரைவீரரோ மடாலயமோ இருக்கக் காண்கிறோம். ஒத்த தத்துவம் இருவேறு மலைகளைத் தந்துள்ளது. தத்துவத்தைக் கொண்டு ஓவியத்தை விளக்கிவிட முடியாது என்பதற்கு இது போதும். ஓவியம் என்ற அளவில் ஹாரிஸின் மலையையே நாம் உயர்வாக மதிக்கிறோம் என்பதையும் சொல்லிவிட வேண்டும். ரோரிக்கின் உருவங்கள் பல வேளைகளில் மலையின் பொருளை நமக்கு எடுத்துரைக்க வந்தவை போல் நிற்கின்றன. ஹாரிஸ் அவ்வாறு கைப்பிடித்து அழைத்துச் செல்வதில்லை. கோணமும் வளைவும் உச்சியில் சந்திக்கும் அந்த இடத்தின் இறுக்கம், மேற்கூறிய வரலாற்றை எல்லாம் அறிந்தபின்னும் தளரவில்லை. அறிந்தபின் அது மேலும் இறுகுகிறது என்பதே நம் பட்டறிவு.

ஹாரிஸ் இதன்பின் நெடுங்காலம் மலையோடு நிற்கவில்லை. 1934இல் அமெரிக்கா சென்றவர் அங்கு முழு அருவ ஓவியத்திற்கு மாறினார். 1940இல் வான்கூவரில் குடியேறிய பின்னும் அவ்வழியே தொடர்ந்தார். முக்கோணமும் வளைவும் ஒளியும் அவற்றிலும் உண்டு. பெயருடைய மலை இல்லை. அவ்வோவியங்கள் ‘லெஃப்ராய் மலை’யின் ஆற்றலைப் பெறவில்லை என்று கருதுவோருடன் நாமும் உடன்படுகிறோம். நீக்குவதற்கு ஏதேனும் எஞ்சியிருந்தவரை அவருடைய நீக்கத்திற்கு வலிமை இருந்தது.

ஓவியத்தில் இடம்பெறாத அந்தக் கல் வீடு நூறாண்டுகள் நின்றது. கணவாயின் நிலத்தைப் பிணைத்திருந்த உறைபனி உருகி, வீட்டின் அடியில் இருந்த சரிவு சரியத் தொடங்கியதால் 2018இல் அது மூடப்பட்டது, 2022இல் பிரித்தெடுக்கப்பட்டது. பொழுதற்ற நிலமாக ஹாரிஸ் வரைந்த மலையின் பக்கத்தில், பனி மீண்டும் காலமாகியுள்ளது.